எந்தச் சாவியைக் கொடுப்பது?

ஏ.ஐ. உதவியாளரும் தரவுத்தளமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அலுவலக போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு ஏ.ஐ. உதவியாளரை இணைக்கப் போகிறோம். "எதையும் அழிக்காதே, படிக்க மட்டும் செய்" என்று அறிவுறுத்தலில் எழுதியிருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது. அறிவுறுத்தலை மாடல் (உதவியாளரை இயக்கும் ஏ.ஐ.) நூறு முறை மதித்துவிட்டு நூற்றோராவது முறை மீறலாம். அனுமதி இல்லாத காரியத்தைத் தரவுத்தளம் ஒருமுறைகூடச் செய்யாது. ஆகவே வேலையைத் தரவுத்தளத்தின் பக்கமிருந்து தொடங்குங்கள்.

செயலி பயன்படுத்தும் கணக்கையே தூக்கிக் கொடுக்காதீர்கள். தனி ரோல் (தரவுத்தளக் கணக்கு) ஒன்றை உருவாக்கி லாகின் (உள்நுழைய), தரவுத்தளத்துக்கு கனெக்ட் (இணைய), ஒரே ஒரு ஸ்கீமாவுக்கு (அட்டவணைகளின் தொகுப்பு) யூசேஜ் (பயன்படுத்த), அதில் உள்ளவற்றுக்கு செலக்ட் (படிக்க) என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஸ்கீமாவில் அட்டவணைகளுக்குப் பதில் வியூக்களை (சேமித்து வைத்த வினவல்கள், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்; அட்டவணை போலவே படிக்கலாம்) வைப்பது இன்னும் நல்லது. வழக்கமான வியூ, தன் உரிமையாளரின் அனுமதியோடுதான் அடியிலுள்ள அட்டவணையைப் படிக்கும். எனவே மூல அட்டவணைக்கு இந்த ரோலுக்கு அனுமதியே தேவையில்லை. தொலைபேசி எண், கடவுச்சொல் ஹாஷ் போன்ற பத்திகளை வியூவில் சேர்க்காமல் விட்டால் போதும். 14ஆம் பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் படிக்கவிடும் ஆயத்த ரோல் ஒன்று உண்டு. ஒரே வரியில் வேலை முடியும் என்பதால் ஆசை வரும். சம்பளப் பட்டியலும் சேர்ந்தே திறந்துகொள்ளும்.

பலர் ஏமாறும் இடம், படிக்க மட்டும் விடும் 'ரீட் ஒன்லி' டிரான்சாக்‌ஷன். (டிரான்சாக்‌ஷன் என்பது ஒன்றாகச் சேர்த்து ஓடும் கட்டளைத் தொகுப்பு.) ரோலுக்கு ரீட் ஒன்லியை இயல்புநிலையாக வைத்தாலும், இணைப்புக்குள் இருந்தபடியே ஒரு செட் கட்டளையால் மாற்றிவிடலாம். உதவியாளருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்புச் சர்வர் ஒவ்வொரு வினவலையும் ரீட் ஒன்லி டிரான்சாக்‌ஷனுக்குள் பொதிந்து அனுப்பினாலும் ஓட்டை உண்டு: வினவலே "கமிட்; டிராப் டேபிள்…" (முடித்துவை; அட்டவணையை அழி) என்று வந்தால் முதல் அரைப்புள்ளியிலேயே டிரான்சாக்‌ஷன் முடிந்துவிடும், அடுத்த கட்டளை வெளியே ஓடும். பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்த ஒற்றைக் கட்டளை) வழியாக அனுப்பினால் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைக்கு மேல் போகாது.

செலக்ட் மட்டும் என்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. செலக்ட்டுக்குள் ஃபங்ஷனை (தரவுத்தளத்தில் சேமித்த சிறு நிரல்) அழைக்கலாம். போஸ்ட்கிரஸில் ஃபங்ஷன்களை ஓட்டும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் திறந்திருக்கும். உரிமையாளரின் அனுமதியில் ஓடும் 'செக்யூரிட்டி டிஃபைனர்' ஃபங்ஷன் ஒன்று தரவை மாற்றுவதாக இருந்தால், உங்கள் ரோலும் மாற்றிவிடும். அவற்றிடமிருந்து பொது உரிமையை ரிவோக் கட்டளையால் பறித்துவிடுங்கள். வினவலைச் சோதிக்கத்தான் என்று 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது வினவலை உண்மையாகவே ஓட்டும், டெலீட்டாக இருந்தாலும். வெறும் எக்ஸ்பிளெயின் திட்டத்தை மட்டுமே காட்டும்.

கடைசியாக, ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (ஒரு கட்டளை ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) 15 விநாடி, ஒரே நேர இணைப்புகளின் வரம்பு 3 என்று வையுங்கள். டைம்அவுட்டையும் அதே செட் கட்டளையால் மாற்ற முடியும். அது விபத்தைத் தடுக்கும், விஷமத்தைத் தடுக்காது.

கேள்வி: எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) சர்வர் கட்டாயமா?

பதில்: இல்லை. ஏ.ஐ. நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை அது, ஜேசன்-ஆர்.பி.சி. 2.0 என்ற வடிவத்திலான செய்திகளால் உதவியாளரும் கருவிகளும் பேசிக்கொள்ள ஒரு பொது வழி. சொந்தமாக எழுதினாலும் மூன்று கருவி போதும்: அட்டவணைகளைப் பட்டியலிட, ஒன்றின் பத்திகளைக் காட்ட, வினவலை ஓட்ட. தரவுத்தளக் கடவுச்சொல் சர்வரிடமே இருக்கட்டும், மாடலின் உரையாடலுக்குள் வரக்கூடாது. விடையை 200 வரிசையோடு வெட்டினால், வெட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மொத்தமே 200 என்று மாடல் எண்ணிக்கொள்ளும்.

கேள்வி: வினவல் பிழையில்லாமல் ஓடுகிறது. ஆனால் தொகை மட்டும் கூடுதலாக வருகிறது. ஏன்?

பதில்: அநேகமாக ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது) வரிசைகளைப் பெருக்கியிருக்கும். ஓர் ஆர்டருக்கு 3 பொருள், 2 தவணைப் பணம் என்று வையுங்கள். ஆர்டரோடு இரண்டு அட்டவணையையும் நேராக இணைத்தால் 6 வரிசை வரும். ஒவ்வொரு தவணையும் மூன்று முறை கூட்டப்படும். தவறைச் சுட்டினால் மாடல், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' போட்டு ஒட்டுப்போடப் பார்க்கும். அது இன்னும் மோசம்: இரண்டு தவணையும் 500 என்றால் ஒன்று காணாமல் போகும். பொருளைத் தனியாகவும் பணத்தைத் தனியாகவும் ஆர்டர் எண் வாரியாகக் கூட்டிய பிறகு இணைப்பதுதான் சரி. அப்படிக் கூட்டிய வியூ ஒன்றை நீங்களே எழுதி வைத்துவிட்டால் மாடல் அந்தக் கணக்குக்குள் போகவே வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, விடை வெறுமையாக வருவது. 'நாட் இன்' (இந்தப் பட்டியலில் இல்லாதவை) பட்டியலில் ஒரே ஒரு 'நல்' (null, மதிப்பு பதியப்படாத வெற்றிடம்) இருந்தால் ஒரு வரிசையும் திரும்பாது. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதச் சொல்லுங்கள்.

மீதிக் குழப்பம் பெயர்களில். 'ஸ்டேட்டஸ்' பத்தியில் 3 என்றால் ரத்தா, அனுப்பியாயிற்றா என்பது மாடலுக்கு எப்படித் தெரியும்? 'கமென்ட் ஆன் காலம்' கட்டளையால் அதன் அர்த்தத்தைத் தரவுத்தளத்திலேயே பதிந்து, பத்திகளைக் காட்டும் கருவி அதையும் திருப்பித் தருமாறு செய்யுங்கள். விடை தெரிந்த 20 கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, வியூவையோ மாடலையோ மாற்றும்போதெல்லாம் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் எழுதும் புகாருக்குள்ளேயே யாராவது கட்டளை எழுதி வைத்தால்?

பதில்: மாடல் அதற்குப் பணிந்துவிடக்கூடும். படித்த வரிசையையும் உங்கள் சொல்லையும் அது உறுதியாகப் பிரித்தறியாது. சேதம் எவ்வளவு என்பது அதே உரையாடலில் வேறென்ன கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மின்னஞ்சல் அனுப்பும் கருவியும் ரகசியத் தரவும் ஒரே இடத்தில் இருந்தால், ஒரு புகார் மற்றவர்களின் விவரத்தை வெளியே அனுப்ப வைக்கலாம். இரண்டையும் பிரித்து வையுங்கள். முடியாதென்றால், அனுப்பும் முன் முழு உள்ளடக்கத்தையும் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தரட்டும்.