வீழ்படிவு வரவில்லையா? முதலில் பொடியைச் சோதியுங்கள்

கேள்வி: ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை நடத்துகிறேன். முதுநிலை வேதியியல் படிக்கும் என் மகள், பாலிரோடாக்ஸேன் என்னும் பாலிமரைத் தயாரிக்கும் ஆய்வில் இருக்கிறாள். சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலைப் பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலுடன் கலந்தால் வெண்ணிற வீழ்படிவு வர வேண்டுமாம், வரவேயில்லை. பொடியை வாங்கித் தந்த சேலத்து முகவர், கிளைகால்தான் தரமற்றது, வேறு வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் அலகுகள் வளையமாக இணைந்த பொருள், அதில் பல வகைகள் உண்டு. தங்களுக்கு வந்திருப்பது ஆல்ஃபா வகைதானா என்பதை முதலில் பாருங்கள். பாலிரோடாக்ஸேன் என்பது நூலில் பாசிமணி கோத்ததைப் போல, நீண்ட கிளைகால் சங்கிலியின்மேல் சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையங்கள் ஏறி நிற்கும் அமைப்பு. ஆறு குளுக்கோஸ் அலகுகள் கொண்ட ஆல்ஃபா வளையம் அந்தச் சங்கிலிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏழு அலகுகள் கொண்ட பீட்டா தளர்ந்துவிடுவதால் வீழ்படிவு வராது.

முகவர்களின் கைவரிசை இங்கேதான் நடக்கிறது. மாவுச்சத்தில் நொதியைச் செலுத்தினால் எல்லா வகைகளும் கலந்தே உருவாகின்றன. நீரில் குறைவாகக் கரையும் பீட்டா எளிதில் படிகமாகப் பிரிந்துவிடுவதால் மலிவாகக் கிடைக்கிறது. மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததையே ஏற்க வேண்டும் என்ற கொள்முதல் விதியும், வகையைக் குறிப்பிடாமல் வெறுமனே 'சைக்ளோடெக்ஸ்ட்ரின்' என்று எழுதப்படும் கொள்முதல் ஆணையும் சேர்ந்தால், மாணவியின் மேசைக்கு வேறெது வந்து சேரும்? (தங்கள் ஆலையின் மரவள்ளி மாவிலேயே இதைத் தயாரிக்கலாம் என்று ஆசை காட்டி முன்பணம் கேட்பவர்களும் வருவார்கள், பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.)

டப்பாவின் மேல் உள்ள சிஏஎஸ் எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய தனி அடையாள எண்) பாருங்கள்: ஆல்ஃபாவுக்கு 10016-20-3, பீட்டாவுக்கு 7585-39-9. சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்களோ என்ற ஐயம் எழுந்தால், 10 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் பொடியைப் போட்டு, சூடாக்காமல் கலக்கச் சொல்லுங்கள். ஆல்ஃபா தெளிவாகக் கரைந்துவிடும். பீட்டாவோ அறை வெப்பநிலையில் 0.2 கிராம்கூடக் கரையாமல், மீதி அடியில் வெள்ளையாகத் தங்கும். சூடாக்கினால் பீட்டாவும் கரைந்து ஏமாற்றிவிடும்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகவர் அடுத்து அதைத்தான் பேசுவார். பாலிப்ரொப்பிலீன் கிளைகாலில் பக்கவாட்டு மீத்தைல் தொகுதிகள் இருப்பதால் சங்கிலி பருத்திருக்கும். அதில் ஆல்ஃபா ஏறாது, பீட்டா ஏறும். இது உண்மைதான். ஆனால் கையிருப்பில் உள்ள பீட்டாவைத் தள்ளிவிடுவதற்காக ஆய்வின் சங்கிலியையே மாற்றச் சொல்வது வணிகமே தவிர வேதியியல் அன்று. நெறியாளர் ஒப்புக்கொண்டாலன்றி அதற்குச் செவிசாய்க்காதீர்கள்.

பொடி ஆல்ஃபாதான் என்றால், சேலத்துச் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத ஆய்வகத்தில் கலந்தார்களா என்று கேளுங்கள். வெப்பம் கூடினால் வளையங்கள் கழன்றுவிடும். கலவையை இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

வீழ்படிவு கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. சங்கிலியின் இரு முனைகளிலும் பருத்த தடுப்பான்களைப் பொருத்தாவிட்டால், டைமீத்தைல் சல்பாக்சைடு என்னும் கரைப்பானில் கரைத்ததும் வளையங்கள் உதிர்ந்துவிடும். 1992-இல் ஜப்பானின் அகிரா ஹராடா, முனைகளில் அமீன் (நைட்ரஜன் உள்ள அணுத் தொகுதி) கொண்ட கிளைகாலை எடுத்து, அந்த அமீனுடன் வினைபுரியும் டைநைட்ரோஃபுளோரோபென்சீனால் முனைகளை அடைத்தார். சாதாரணக் கிளைகாலின் முனைகளில் அமீன் இராது. ஆகவே மகளின் செய்முறை அதுவாயின், தாங்கள் பணம் செலவிட வேண்டியது அமீன் முனையுள்ள கிளைகாலுக்குத்தான். அதையும் தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண் குறித்த பகுப்பாய்வுச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே செய்யுங்கள்.