சுந்தராம்பாளின் குரலும் 78 சுற்றும்

வணக்கம். தொண்டியில் தாத்தா வீட்டுப் பெட்டியில் கே.பி. சுந்தராம்பாளின் இசைத்தட்டுகள் சில கிடைத்தன. புது டர்ன்டேபிளில் போட்டால் குரல் கீச்சென்று, வேகமாக, இரைச்சலோடு வருகிறது. 'ஔவையார்' படத்தில் கேட்கும் கம்பீரம் இல்லை. இளவயதில் அவர் குரலே அப்படித்தானா? தாத்தா அவரை சிலோன் ரேடியோவில்தான் கேட்டாராம். ஏன்?
ச., தொண்டி

அன்புள்ள ச.,

குரலை விடுங்கள், ஊசியைப் பாருங்கள். எல்.பி. எனும் பிற்கால நெடுந்தட்டுக்கான ஊசியின் மெல்லிய முனை, உங்கள் 78 சுற்றுத் தட்டின் அகலப் பள்ளத்தில் அடித் தூசியைத்தான் உரசும். 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். அடுத்தது வேகம். தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் செருகி, நிமிடத்துக்கு 78 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள். நாலரைச் சுற்று கூடினாலே அரைச் சுருதி ஏறிவிடும். உப்புக் காற்றில் பூஞ்சை பிடித்திருக்கும். ஸ்பிரிட் தொடாதீர்கள், தட்டு செய்த அரக்கு கரைந்துவிடும். வாலை வடிநீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் துடைத்து நிழலில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம்தான்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் வேகம் அவர் பாடியதே. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். மேடையில் நீண்ட விருத்தம் அதில் அடங்காது. சங்கதிகளைக் கத்தரித்து, தாளத்தை முடுக்கியாக வேண்டும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கு எட்டப் பாடிப் பழகிய உச்சச் சுருதி வேறு.

சினிமா இன்னொரு கஷ்டம். 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் ஆண்களோடு ஜோடி சேர மறுத்தவர், 1935இல் லட்ச ரூபாய்க்கு நந்தனாராக ஆண் வேடமே கட்டினார். பின்னணிப் பாட்டு தமிழில் வந்தது 1938இல்தான். அதுவரை நடித்துக்கொண்டே பாட வேண்டும்; தலை திரும்பினால் மைக்கிலிருந்து குரல் நழுவும். 'ஔவையார்' வந்தது 1953. ஒலிப்பதிவு அதற்குள் வெகுவாக முன்னேறிவிட்டது. நீங்கள் கேட்கும் கம்பீரத்தில் அதற்கும் பங்குண்டு.

தாத்தா சொன்னது சரி. 1952 முதல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒடுக்கிவைத்தது. விவித்பாரதி 1957 அக்டோபரில்தான் வந்தது. இடைவெளியை நிரப்பியது கொழும்பு. மத்திய அலை தரையைவிட உப்புநீரின் மேல் அதிக தூரம் தேயாமல் வரும். உங்கள் கரைக்கும் கொழும்புக்கும் நடுவே பெரும்பகுதி கடல்தானே! இரவில் வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் கூடவே வந்து மோதும், அப்போது பாட்டு மங்கி மங்கித் தெளியும். தாத்தா பகலில் கேட்டிருந்தால் தெளிவாகவே கேட்டிருப்பார்.