பெட்ரோல் கோல்ஃப் வண்டியில் ஆயில் கசிவு: கேஸ்கெட் கேள்வி பதில்

கேள்வி: வண்டி நிக்கிற இடத்துல எல்லாம் ஆயில் திட்டு. எஞ்சின் முழுக்க ஒரே பிசுக்கு, எங்கேருந்து வருதுன்னே தெரியல. எந்த கேஸ்கெட் வாங்கணும் சார்?

பதில்: கேஸ்கெட் என்பது இரண்டு பாகங்கள் சேரும் மூட்டில் கசிவைத் தடுக்க வைக்கும் மெல்லிய தகடு. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் டீகிரீசர் அடித்து எஞ்சினைச் சுத்தமாகக் கழுவிக் காயவிடுங்கள். சந்தேகப்படும் மூட்டுகள் மேல் டால்கம் பவுடரைத் தூவிவிட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் கசிவின் பிறப்பிடம். எஞ்சினின் குளிரூட்டும் காற்றாடி ஆயிலை நாலாபுறமும் வீசியடிக்கும் என்பதால் கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

பெடலை மிதித்தால்தான் இந்த வண்டிகளில் எஞ்சின் சுழலும். நின்ற இடத்தில் ஓடவிட, மேனுவலில் சொன்னபடி நியூட்ரல் பூட்டைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்துவிடுங்கள். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் தெரியாமல் சுற்றினால் பெல்ட்டுக்கு நடுவே இருப்பது உங்கள் விரலாக இருக்கலாம்.

டிரைவ் கிளட்சுக்கு (பெல்ட்டை ஓட்டும் எஞ்சின் பக்கத்துக் கப்பி) பின்னாலிருந்து ஆயில் வந்தால் பெரும்பாலும் அது கேஸ்கெட் இல்லை, கிராங்க் ஆயில் சீல், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். அதைத் தள்ளிப்போடாதீர்கள், பெல்ட்டில் ஆயில் பட்டால் வண்டி ஏற்றத்தில் வழுக்கும்.

கேள்வி: டேப்பட் கவர் கேஸ்கெட் ரெண்டு தடவை புதுசு போட்டாச்சு அண்ணே. திரும்ப அதே இடம். சிலிகானைத் தடவி ஒரேயடியா அடைச்சிடலாமா?

பதில்: டேப்பட் கவர் என்பது வால்வுகளை மூடும் மூடிதான், அதை அடைத்தால் அடுத்த பலவீனமான மூட்டில் கிளம்பும் தம்பி. ஒரே கேஸ்கெட் திரும்பத் திரும்பப் போனால் கேஸ்கெட்டைத் திட்டுவதை விட்டுவிட்டு உள்ளே ஏறும் அழுத்தத்தைத் தேடுங்கள்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க் கேஸிலிருக்கும் (ஆயில் நிற்கும் எஞ்சினின் அடிப்பெட்டி) காற்றைத் தள்ளும். பிரீத்தர் வால்வு அதை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. அதனால் நல்ல எஞ்சினில் உள்ளே லேசான வெற்றிடம் இருக்கும், ஆயில் வெளியே வர வழியில்லை. அந்த வால்வின் சின்னத் தகடு ஒட்டிக்கொண்டாலோ, பிரீத்தர் குழாய் மடங்கிக் கிடந்தாலோ, உள்ளே பிசுக்கு அடைத்தாலோ காற்றுக்குப் போக்கிடமில்லை. ஆயிலைத் தூக்கிக்கொண்டு கிடைத்த மூட்டு வழியே வெளியேறும்.

சோதிப்பது சுலபம். ஒரு மெல்லிய ரப்பர் கையுறையின் விரலை வெட்டி, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) துளையில் மாட்டிக் கட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். துடிதுடித்தாலும் மொத்தத்தில் உள்பக்கம் இழுபட்டால் நல்லது. பலூன் போல உப்பினால் பிரீத்தரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் உப்பினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருப்பது) புஷ்ராட், அதாவது வால்வைத் தூக்கும் கம்பி, ஓடும் பக்கமாக வெடித்து, எரியும் வாயுவை நேராகக் கிராங்க் கேஸுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது கோளாறைப் பலர் ரிங் என்று நினைத்து எஞ்சினையே பிரித்துப்போட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் பார்க்கும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேலே ஊற்றியிருந்தாலே இதே கூத்துதான்.

கேள்வி: நான் ஆயில் ஊத்தவே இல்ல, ஆனா அளவு தானா ஏறுது. பெட்ரோல் வாசனையும் வருது.

பதில்: ஓட்டுவதை இப்போதே நிறுத்துங்கள். இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் கிராங்க் கேஸின் துடிப்பில் இயங்கும் டயாஃப்ரம் பம்ப். டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு கிழிந்தால் துடிப்புக் குழாய் வழியாகவே பெட்ரோல் உள்ளே போகும். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி சரியாக மூடாவிட்டாலும் இப்படி ஆகலாம். காரணத்தைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் கசிவைப் பற்றிப் பேச வேண்டும். நீர்த்துப்போன ஆயில் நல்ல கேஸ்கெட்டிலும் கசியும், பேரிங்கையும் தின்றுவிடும்.

கேள்வி: கம்ப்ரெஷன் கேஜ் ரொம்பக் கம்மியா காட்டுது. ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு முடிவு பண்ணிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பல சிறிய எஞ்சின்களில் ஸ்டார்ட் ஆகும்போது வால்வைச் சற்றுத் திறந்துவைக்கும் டீகம்ப்ரெஷன் அமைப்பு உண்டு. நல்ல எஞ்சினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். லீக்டவுன் சோதனை செய்யுங்கள்: இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியே காற்றை விட்டுக் காதைக் கொடுங்கள். பிரீத்தரில் இரைந்தால் ரிங், அல்லது மேலே சொன்ன ஹெட் கேஸ்கெட். சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டரில் என்றால் இன்டேக் வால்வு. ஹெட் மூட்டின் ஓரத்தில் சோப்பு நுரை குமிழ்விட்டால் சந்தேகமே வேண்டாம், ஹெட் கேஸ்கெட்தான்.

கேள்வி: பாதுகாப்புக்கு ஹெட் கேஸ்கெட்டோட ரெண்டு பக்கமும் சிலிகான் தடவலாமா?

பதில்: கூடாது. எரியும் வாயுவின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சிலிகான் தாங்காது. கேஸ்கெட் வழுக்கி நகரவும் அதுவே வழி செய்யும். தயாரிப்பாளர் வேறு எதையும் சொல்லாத வரை உலர்வாகவே போடுங்கள். பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான்.

ஹெட்டின் சமதளத்தைத்தான் கவனிக்க வேண்டும். நேர்விளிம்பை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். மேனுவல் சொல்லும் எல்லையைத் தாண்டினால் வளைந்திருக்கிறது. சற்றே வளைந்த ஹெட்டை, தடித்த கண்ணாடி மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேய்த்துச் சரிசெய்யலாம். நடுவில் கறுப்பும் ஓரத்தில் பளபளப்பும் இருந்தால் நடுப்பகுதி இன்னும் பள்ளம். முழுக்க ஒரே நிறமாகும் வரை தேய்க்க வேண்டும். அதிகம் வளைந்திருந்தால் லேத்காரரிடம் கொடுங்கள்.

முடுக்கும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று கட்டமாக. அளவு உங்கள் எஞ்சினின் மேனுவலில் இருக்கும், பக்கத்து வண்டியின் அளவு உதவாது.

கேள்வி: பழைய கேஸ்கெட் கல்லு மாதிரி ஒட்டியிருக்கு. டிரில்லுல டிஸ்க் மாட்டித் தேய்க்கவா?

பதில்: வேண்டாம். அலுமினியம் மென்மையானது, பள்ளம் விழும். டிஸ்கிலிருந்து உதிரும் துகள் ஆயிலோடு கலந்து பேரிங்கை அரிக்கும். கேஸ்கெட் ரிமூவர் அடித்து ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். திறந்த துளைகளில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள், மூடும் முன் எடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: என் வண்டி ரொம்பப் பழசு, கேஸ்கெட்டே கிடைக்கல. அட்டை வாங்கி வெட்டிக்கலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் ஹெட்டுக்கு மட்டும் வேண்டாம். ஆயில் தாங்கும் கேஸ்கெட் ஷீட்டை மூட்டின் மேல் வைத்து, உருண்டைத்தலை சுத்தியலால் விளிம்பில் மெதுவாகத் தட்டினால் அச்சு விழும். போல்ட் துளைகளை முதலில் வெட்டி, இரண்டு போல்ட்டைச் செருகித் தாளை நகராமல் பிடித்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். ஆயில் போகும் சிறு துளைகளை விட்டுவிடாதீர்கள். கிராங்க் கேஸ் கவரில் மட்டும் தடிமன் மாறவே கூடாது. சில எஞ்சின்களில் கிராங்கின் முன்பின் ஆட்டத்தை நிர்ணயிப்பதே அந்தக் கேஸ்கெட்டின் தடிமன்தான்.

கேள்வி: அப்போ சிலிகான் எங்கதான் போடறது? எது நல்லது?

பதில்: தயாரிப்பாளரே கேஸ்கெட் இல்லாமல் பேஸ்ட் மட்டும் போட்ட மூட்டுகளில் போடலாம். வினிகர் வாசனை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும், வாசனையில்லாத, ஆயில் தாங்கும் எஞ்சின் வகையை வாங்குங்கள். 2 முதல் 3 மில்லிமீட்டர் இழை, போல்ட் துளைகளுக்கு உட்புறமாக, அறுபடாமல். வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும், அது உதிர்ந்தால் ஆயில் வழியில்தான் போய் அடைக்கும். முழுதாக இறுக 24 மணி நேரம் விடுங்கள். கார்பரேட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும்.

கேள்வி: என்னோடது டூ ஸ்ட்ரோக். ஆயில் ஒழுகல, ஆனா ஓட்டம் ஏறி இறங்குது.

பதில்: கேஸ்கெட்டோ சீலோ வழியே காற்றை உறிஞ்சுகிறதா என்று அழுத்தச் சோதனை செய்து பாருங்கள். காற்று கூடிப் பெட்ரோல் கலவை மெலிந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை ஓட்ட வேண்டாம்.

கேள்வி: எலக்ட்ரிக் வண்டி. அடியில ஆயில் கசியுது. எந்த எஞ்சின் கேஸ்கெட்?

பதில்: எஞ்சினே இல்லையே! பின் அச்சின் கியர் ஆயில்தான் அது. டிஃபரன்ஷியல் (பின் அச்சின் கியர் பெட்டி) கவர் மூட்டையும் சக்கரப் பக்கத்து சீல்களையும் பாருங்கள். பிரேக் டிரம்முக்குள் ஆயில் போயிருந்தால் பிரேக் ஷூவையும் மாற்றிவிடுங்கள், ஊறியதைத் துடைத்துப் போட்டால் பிடிக்காது.

கேள்வி: டேப்பட் கவர் போல்ட்டை முடுக்கும்போது லூஸாவே சுத்துது.

பதில்: திரெட் போய்விட்டது. பெரிய போல்ட்டைத் திணிக்காதீர்கள். அதே அளவுக்கான கம்பிச்சுருள் திரெட் இன்சர்ட் கிட் கிடைக்கும். துளையிடும்போது டிரில் முனையில் கிரீஸ் தடவினால் பிசிறு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதத்தை வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், காற்றடித்தால் உள்ளே போய்விடும்.