சென்னை விமான நிலையத்தில் இறங்கி எழும்பூருக்கு ரயிலில் போகலாமா, டாக்ஸிதான் சரியா?

எழும்பூரில் என்ன வேலை என்று நீங்கள் சொல்லவில்லை. தென்மாவட்டத்துக்கு ராத்திரி வண்டி பிடிக்கத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் எழும்பூருக்கே போகாதீர்கள், தாம்பரம் போங்கள்.

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன், ஊர் கோவில்பட்டிப் பக்கம். முதல் லீவில் வந்தபோது இதெல்லாம் தெரியாது. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட், கையில் இரண்டு பெட்டி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று. ஆப்பில் டாக்ஸி போட்டால் டிரைவர் போன் பண்ணி "எங்க சார் போகணும், கேஷா?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்கிறார். மூன்றாவதாக வந்தவர் ஆப்பில் காட்டியதற்கு மேல் 300 ரூபாய் கேட்டார். கத்திப்பாரா நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று, வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது எழும்பூரில் போய் விழுந்தேன். வேர்த்து விறுவிறுத்து ஏறி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் ஆசுவாசமாக ஜன்னல் பக்கம் திரும்பினால் நான் இறங்கிய அதே ஏர்போர்ட், விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறது. எதிர் சீட் பெரியவர் கதையைக் கேட்டுவிட்டு, "தாம்பரத்துல ஏறியிருக்கலாமே தம்பி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏர்போர்ட்டுக்கு எதிரே, ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ஸ்டேஷன். அங்கிருந்து மின்சார ரயிலில் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம், அவ்வளவுதான். தெற்கே போகிற வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே அங்கே நிற்கும். ஆனால் டிக்கெட்டில் ஏறும் இடத்தை முன்கூட்டியே தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எழும்பூரில் நீங்கள் வரவில்லை என்று பெர்த்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

இல்லை, எழும்பூரிலேயேதான் வேலை என்றால் மெட்ரோ. 2016-லிருந்து ஏர்போர்ட்டிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. நீலத் தடத்தில் ஏறி ஆலந்தூரில் இறங்கி, சென்ட்ரல் போகும் பச்சைத் தடத்துக்கு மாறினால் எழும்பூர் வரும். ஏசி, லிப்ட் எல்லாம் உண்டு, டிக்கெட் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. எழும்பூருக்கும் திரிசூலத்திலிருந்து மின்சார ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இன்னும் மலிவு. ஆனால் ஆபீஸ் நேரத்தில் இரண்டு பெட்டியோடு அதில் ஏறிப் பாருங்கள், பெட்டி ஏறும், நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்கள்.

வயசானவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் டாக்ஸியிலேயே போகட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. "வெளிநாட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு கஞ்சத்தனம்" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த வசனத்தை ஏற்கெனவே வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. அடுத்த லீவில் திரிசூலம் வழியாக அஞ்சு ரூபாய் டிக்கெட்டில் தாம்பரம் போனேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், என் மச்சினன் அதை ஒரு கல்யாண வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். டாக்ஸிக் காசை அவனா கொடுக்கப் போகிறான்? அவன் கேட்ட கோடாரித் தைலம் ஆறு பாட்டில், பால்பவுடர் டின் நாலு, எல்லாம் அந்த அஞ்சு ரூபாய் ரயிலில்தான் வந்து சேர்ந்தது. அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.