மூணு செட், பன்னிரண்டு ரெப்: மாஸ்டர் சொல்வது என்ன?

கேள்வி: வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், நாள் முழுக்க நாற்காலிதான். போன வாரம் ஜிம்மில் சேர்ந்தேன். "மூணு செட், பன்னிரண்டு ரெப், ஃபெயிலியர் வரைக்கும் போங்க, அப்புறம் கார்டியோ" என்கிறார் மாஸ்டர். பாதி புரியவில்லை, கேட்கக் கூச்சம். முதல் நாள் ஸ்குவாட் அடித்ததில் இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. தொடரலாமா? புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள். ஆனால் மாஸ்டர் சொன்னதில் ஃபெயிலியர் என்ற சொல்லை மட்டும் இரண்டு மாதத்துக்குக் காதில் வாங்காதீர்கள்.

ஸ்குவாட்டில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் ஒரு ரெப். அப்படி நிறுத்தாமல் பன்னிரண்டு முறை எழுந்தால் ஒரு செட். ஒன்றரை, இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பன்னிரண்டு. இனி ஒன்றுகூட முடியாது என்று கால் மக்கர் பண்ணுகிற இடம்தான் ஃபெயிலியர். பழகாத உடம்பு அந்த இடத்துக்கு வருவதற்குள் முதுகு வளைந்துவிடும், முட்டி உள்ளே மடங்கிவிடும், அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். பன்னிரண்டாவதை முடிக்கும்போது "இன்னும் ரெண்டு முடியும்" என்று தோன்றினால் அதுதான் உங்கள் எடை. இன்னும் ஏழெட்டு முடியும் என்றால் எடை போதாது, எட்டிலேயே உடம்பு கோணினால் அதிகம்.

எடையைக் கணக்குப் பார்ப்பதில் கணக்கர்களே தவறுவதுண்டு. "ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு போடுங்க" என்றால் நீங்கள் தூக்குவது 10 கிலோ அல்ல. ஒலிம்பிக் பார் என்கிற அந்த நீளக் கம்பி மட்டுமே 20 கிலோ, ஆக மொத்தம் 30. சின்னக் கம்பிகளும் இருக்கின்றன, எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டே தொடுங்கள். இதைக் கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம், கேட்காமல் தூக்குகிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

சரி, வலிக்கு வருவோம். மாடி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் உயிர் போயிருக்குமே, கவனித்தீர்களா? படி இறங்கும்போது தொடைத் தசை உங்கள் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. ஸ்குவாட்டில் கீழே போகும்போதும் இதேதான் நடக்கிறது, பழகாத தசைக்கு அந்த வேலைதான் வலியைக் கொடுக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே அடங்கும், அடுத்த முறை இவ்வளவு இருக்காது. வலித்தால்தான் பலன் என்பதெல்லாம் சும்மா பேச்சு. ஆனால் மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். தசை வீங்கி, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலையாக இருக்கலாம், அபூர்வம்தான், ஆனால் விளையாட்டில்லை.

கார்டியோ என்றால் மூச்சும் இதயத் துடிப்பும் கூடுகிற வேலை. வேக நடை, சைக்கிள், டிரெட்மில் எதுவானாலும் சரி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் இப்படிச் செய்யவும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கவும் சொல்கிறது. உங்களுக்கு வாரம் மூன்று நாள் ஜிம், மற்ற நாளில் நடை, இது தாராளம். தொப்பைக்கென்று தனியாக நூறு கிரஞ்சஸ் (மல்லாந்து படுத்துத் தோளை மட்டும் தூக்குவது) அடித்தால் வயிறு வலுவாகும், அதன் மேலிருக்கிற கொழுப்பு அங்கே மட்டும் கரையாது.

பிரஷர் அல்லது சுகர் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடருங்கள். யாராக இருந்தாலும் எடையை மேலே தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

அப்புறம், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். "ஸ்குவாட் 30 கிலோ: 12, 12, 10" என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். மூன்று செட்டும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டுங்கள். புரோக்ரஸிவ் ஓவர்லோடு என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான்.

புரோட்டீன் பவுடர் இப்போது வேண்டாம். எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் போதும், 70 கிலோ என்றால் 84 கிராமிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் கிட்டத்தட்ட 9. ஒரு வாரம் சாப்பிடுவதை அதே நோட்டின் பின்பக்கம் எழுதிக் கூட்டிப் பாருங்கள், குறைந்தால் முதலில் முட்டையையும் சுண்டலையும் கூட்டுங்கள். பவுடருக்கு எடுத்துவைத்த காசில் அடிப்பாகம் தட்டையான ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள், மெத்தென்ற ரன்னிங் ஷூவோடு ஸ்குவாட் அடித்தால் குதிகால் ஆடும்.