எதிர்பாராத செலவு

அன்புள்ள ஐயா,

ஏழு மாதமாக ஒரு செலவையும் விடாமல் செயலியில் பதிந்து வருகிறேன். சம்பளம் வந்த அன்றே 15 சதவீதத்தைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஆனாலும் எதிர்பாராத செலவு ஏதாவது வந்து நிற்கிறது, சேமித்ததை எடுத்துக் கொடுக்கிறேன். இப்போது சேமிப்பில் ஒன்றுமில்லை, கிரெடிட் கார்டில் பாக்கி வேறு. சில்லறைச் செலவைப் பற்றி மனைவியிடம் கேட்டால் சண்டையில் முடிகிறது. செயலியை விட்டுவிட்டு நோட்டுக்கு மாறலாமா? 50-30-20 விதி எங்களுக்கு ஒத்துவருமா? கணக்கு முழுவதையும் இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

நோட்டா செயலியா என்பதில் எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. எது கைக்கு வருகிறதோ அது. 50-30-20 என்பது அமெரிக்காவின் எலிசபெத் வாரன் தன் மகளுடன் சேர்ந்து 2005இல் பரப்பிய கணக்கு. வரி போகக் கைக்கு வருவதில் பாதி தேவைக்கு, முப்பது விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கு. உடம்பு சூடு பார்க்கும் கருவி மாதிரி அது. காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லும், மருந்து சொல்லாது. விட்டுவிடுங்கள்.

என்னை உட்காரவைத்தது உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு சொல். 'எதிர்பாராத.' நீங்கள் அனுப்பிய தொகைகளை எடுத்துவிட்டு, மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து மாற்றி எழுதிப் பார்த்தேன். ஏழு மாதத்தில் உங்களை 'எதிர்பாராமல்' வந்து தாக்கியவை இவை: வண்டிக் காப்பீடு 18, பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை 60, வண்டி சர்வீஸ் 6, சலவை எந்திரப் பழுது 9, கல்யாணப் பரிசு 8, பல் வைத்தியம் 10. மொத்தம் 111. ஏழு மாதத்தில் நீங்கள் சேமித்தது 105. குறைந்த அந்த 6 எங்கே? கார்டில் உட்கார்ந்திருக்கிறது. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, உங்களுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

பள்ளிக் கட்டணம் எதிர்பாராததா, ஐயா? பிள்ளையைச் சேர்த்த அன்றே தேதியோடு அட்டவணை கையில் கொடுத்திருப்பார்களே. வண்டிக் காப்பீடு முடியும் நாள் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. சலவை எந்திரம் எந்த நாளில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாதுதான். ஆனால் வீட்டில் ஓடுகிற ஐந்தாறு எந்திரங்களில் ஏதோ ஒன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் வராதது எல்லாம் எதிர்பாராதது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபம் வருகிறது எனக்கு. ஏழு மாதம் ஒழுங்காகக் கணக்கு எழுதிய மனிதர், எழுதியதை ஒருமுறை படித்திருக்கக் கூடாதா?

இனி முழு ஆண்டுக்கும் பார்க்கலாம். தேதி தெரிந்தவை முதலில்: பள்ளி மூன்று தவணை 90, வண்டிக் காப்பீடு 18, ஆயுள் காப்பீடு 24, சர்வீஸ் இரண்டு முறை 12. கூட்டினால் 144, மாதத்துக்கு 12. தேதி தெரியாதவை: பழுது 12, பரிசுகள் 18, பல், கண் என்று வைத்தியம் 18. கூட்டினால் 48, மாதத்துக்கு 4. இரண்டும் சேர்ந்து மாதம் 16. நீங்கள் ஒதுக்குவதோ 15. ஆக, நீங்கள் மாதம் 15 சேமிக்கவில்லை. மாதம் 1 கடன் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மனைவியின் சில்லறைச் செலவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, மாதம் 16 ஒதுக்கினால் தீர்ந்ததா? இங்கேதான் பலரும் விழுகிறார்கள். பன்னிரண்டால் வகுத்தது சரி, ஆனால் செலவு பன்னிரண்டாகப் பிரிந்து வருவதில்லை. ஒரு தாளில் இந்த மாதம் தொடங்கிப் பன்னிரண்டு மாதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் தேதி தெரிந்தவற்றுக்கான 12ஐக் கூட்டி, அந்த மாதம் கட்ட வேண்டியதைக் கழித்து, மீதியைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போங்கள். உங்கள் கணக்கில் இந்த மாதம் 12. அடுத்த மாதம் 24 ஆகி, பள்ளிக்கு 30 போய், 6 குறைகிறது. மூன்றாம் மாதம் 12 சேர்கிறது, ஆயுள் காப்பீட்டுக்கு 24, சர்வீஸுக்கு 6 போய்விடுகிறது, பள்ளம் 24. பிறகு மேலேறி, ஏழாம் மாதம் மறுபடி அதே 24 பள்ளம். அதற்குக் கீழே எங்கும் போகவில்லை. ஆகவே முதல் நாளிலேயே அந்தக் கணக்கில் 24 இருந்தாக வேண்டும். இந்த ஆரம்பப் பணம் இல்லாமல் தொடங்குகிறவர்கள் மூன்றாம் மாதத்தில் கார்டை எடுத்து, 'இதெல்லாம் நமக்குச் சரிவராது' என்று தாளைக் கிழித்துப் போடுகிறார்கள். முறையில் பிழை இல்லை, நடுவழியில் ஏறியதுதான் பிழை.

கையில் ஒன்றும் இல்லாத நீங்கள் 24க்கு எங்கே போவீர்கள்? ஆயுள் காப்பீட்டை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6 என்று மாற்றிக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள், ஓராண்டுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அதே தாளை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆழமான பள்ளம் 12 ஆகிவிடுகிறது. பாதி. அந்த 12க்கு அடுத்த போனஸோ, வீட்டில் சும்மா கிடக்கும் ஏதாவது ஒன்றை விற்ற காசோ போதும். ஆனால் அடுத்த மாதமே 6 குறைகிறது, அதனால் அந்தப் பாதியையாவது இப்போதே தேட வேண்டும்.

பணத்தை எங்கே வைப்பது? தனிக் கணக்கு, டெபிட் கார்டு இல்லாத கணக்கு. சம்பளத்துக்கு மறுநாள் தானாக மாறும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். அதற்குச் 'சேமிப்பு' என்று பெயர் வைக்காதீர்கள். அது சேமிப்பு இல்லை, ஏற்கெனவே செலவான பணம், தேதி வரவில்லை அவ்வளவுதான். வேலை போனால் எடுக்க வேண்டிய அவசரப் பணத்தையும் இதில் கலக்க வேண்டாம். கலந்தால் நல்ல மாதங்களில் இருப்பு பெரிதாகத் தெரியும், மனம் இளகும். தேதி தெரியாதவற்றுக்கான 4 செலவாகாத மாதத்தில் அப்படியே கிடக்கட்டும், மிச்சம் என்று எண்ணி எடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்தும்போது எல்லாத் தொகையிலும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பழைய தொகையிலேயே நிற்கும் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

கார்டு பாக்கி 6ஐ முதலில் முடியுங்கள். மாதம் 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36 இல்லை, வட்டிக்கு வட்டி ஏறி 42.6. பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்குவதற்கும் வழக்கமான வட்டியில்லாக் கெடு பெரும்பாலும் கிடைக்காது. அதனால் கட்டி முடிக்கும்வரை கார்டைத் தொடவே வேண்டாம்.

உண்மையான சேமிப்பு எப்போது என்று கேட்பீர்கள். இன்று மாதச் செலவு 85. அது 84 ஆனால் கடனில்லாமல் நிற்பீர்கள், 79 ஆனால் 5 சேமிப்பீர்கள். ஒரேயடியாக வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. ரிச்சர்ட் தேலர், ஸ்லோமோ பெனார்ட்சி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு தொழிற்சாலையில் 1998இல் செய்து பார்த்தது இது: இன்று பிடிக்க வேண்டாம், அடுத்த சம்பள உயர்விலிருந்து ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். 40 மாதத்தில், நான்கு உயர்வுகளில், சேர்ந்தவர்களின் சேமிப்பு 3.5 சதவீதத்திலிருந்து 13.6 ஆனது. கைக்கு வராத பணத்தை யாரும் தேடுவதில்லை. உங்கள் அடுத்த உயர்வில் பாதியை இன்றே எழுதிவைத்துவிடுங்கள்.

மனைவி விஷயம். இருவருக்கும் சமமாக ஒரு கைச்செலவுத் தொகை ஒதுக்குங்கள், அதற்குக் கணக்கு கேட்கக் கூடாது, செயலியிலும் பதியக் கூடாது. வீட்டுச் செலவை வாரக் கணக்காகக் கொடுக்கிறீர்கள் என்று தெரிகிறது. மாதத் தொகையை நாலால் வகுத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு 52 வாரம், 48 இல்லை. மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் அவர் கையில் பணம் இல்லாமல் போவது இதனால்தான், ஊதாரித்தனத்தால் இல்லை. இதற்கு நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். அப்படியே அந்தப் பன்னிரண்டு மாதத் தாளையும் அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். உங்கள் கணக்கில் 'பரிசு' என்ற வரியில் மாதமே குறிப்பிடவில்லை. யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.