ஐ7 என்று சொன்னால் போதாது, எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்கு 11 வயது. போன வாரம் கரண்ட் போய் வந்தபின் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை, ஃபேன்கூடச் சுற்றவில்லை. பார்க்க வந்த சர்வீஸ்காரர், “மதர்போர்டு போயிடுச்சு. பழசை எடுத்துக்கிட்டு, ஐ7 போட்ட புது சிஸ்டம் குறைஞ்ச விலைக்குத் தர்றேன்” என்கிறார். நான் வீட்டிலிருந்தே இரண்டு சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மகளின் பள்ளி வேலைக்கும் அதே கம்ப்யூட்டர்தான். கையில் பணம் குறைவு. ஹார்ட் டிஸ்கில் ஆறு வருடக் கணக்கு இருக்கிறது. அவர் சொல்வதை ஏற்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தப் பெட்டியை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். நீங்கள் மாற்றிக் கொடுக்கப்போவது வெறும் பழைய இரும்பு இல்லை, இரண்டு நிறுவனங்களின் ஆறு வருடக் கணக்கு. “டேட்டாவை நாங்களே காப்பி பண்ணித் தர்றோம், அப்புறம் ஃபார்மேட் பண்ணிடுவோம்” என்பார்கள். சாதாரணமாகச் செய்யும் ஃபார்மேட் எதையும் அழிப்பதில்லை. கோப்புகளின் பட்டியலை மட்டும் கிழித்துப் போடுகிறது. கோப்புகள் அப்படியே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்தே அவற்றை மீட்டுவிடலாம்.

ஹார்ட் டிஸ்கை நீங்களே கழற்றலாம், பயப்பட ஒன்றுமில்லை. பவர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். உள்ளங்கை அளவில் கனமான உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் பின்னால் இரண்டு கேபிள்கள்: ஒன்று ஒடுக்கம், ஒன்று அகலம். இரண்டையும் வயரைப் பிடித்து இழுக்காமல், முனையிலுள்ள பிளாஸ்டிக்கைப் பிடித்து நேராக இழுங்கள். பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் டிஸ்க் கைக்கு வந்துவிடும். சாட்டா டிஸ்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 அங்குலம்; அதற்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். ஆகவே கரண்டில் செருகும் சார்ஜரோடு வரும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். நம்பிக்கையான ஒருவரின் லேப்டாப்பில் மாட்டி, கணக்கை இரண்டு வெவ்வேறு இடங்களில் காப்பி செய்யுங்கள். டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். அதன்பின் அது டேட்டா மீட்பவர்களின் வேலை.

இப்போது அந்த ‘மதர்போர்டு போயிடுச்சு’ என்ற தீர்ப்புக்கு வருவோம். ஃபேன்கூடச் சுற்றவில்லை என்கிறீர்கள், அதுவும் கரண்ட் போய் வந்த கையோடு. அப்படியானால் நான் முதலில் சந்தேகப்படுவது எஸ்.எம்.பி.எஸ்ஸைத்தான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் தகரப் பெட்டி அது. கரண்ட் அதிர்ச்சியில் முதல் அடி அதற்குத்தான் விழும். வேலை செய்யும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டிப் பார்க்க 5 நிமிடம் போதும். அதைச் செய்யாமல் மதர்போர்டு மேல் பழி போடுபவரிடம் எனக்குக் கோபம்தான் வரும். உங்கள் கண் முன்னால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீங்களோ அவரோ எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒருமுறை ‘போர்டு அவுட்’ என்று வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் வந்தது. முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு சின்ன ஊசிகளில் செருகியிருக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டு ஊசிகளையும் ஒரு கணம் தொட்டேன். ஃபேன் சுற்றியது, திரை வந்தது. கெட்டுப்போயிருந்தது பட்டன் மட்டும்தான். அந்த வீட்டுக்காரர் புது சிஸ்டத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

எஸ்.எம்.பி.எஸ்தான் குற்றவாளி என்றால் மாற்றுவது சுலபம், செலவும் குறைவு. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பணம் வீணாவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுடையது கடையில் அசெம்பிள் செய்ததா, டெல், ஹெச்பி, லெனோவா மாதிரி கம்பெனிப் பெட்டியா? அசெம்பிள் செய்ததில் மதர்போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் 24 ஓட்டைகள் இருக்கும். எந்தக் கடையில் வாங்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் அதற்குப் பொருந்தும். கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் அப்படியில்லை. 2013-14 வாக்கில் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் சிலவற்றில் அந்த பிளக் 8 ஓட்டை, லெனோவா திங்க்சென்டர் பலவற்றில் 14 ஓட்டை, ஹெச்பி சிலவற்றில் 6 ஓட்டை. பெட்டியின் நீள அகலமும் வேறு. கடை எஸ்.எம்.பி.எஸ் அதில் பொருந்தவே பொருந்தாது. மாற்றிணைப்பு கேபிள் கிடைக்கிறது என்றாலும் பெட்டிக்குள் அடங்காமல் வெளியே தொங்கும். ஆகவே கம்பெனிப் பெட்டி என்றால், எஸ்.எம்.பி.எஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, அதிலுள்ள பார்ட் நம்பரைக் காட்டி அதே எண்ணில் தேடுங்கள். ஸ்க்ரூ அளவு முதல் பலவும் பொதுவாக இருக்கும் ஒரு பொருளில் இந்த பிளக்கையும் பெட்டியையும் ஆளுக்கொரு விதமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பழுது பார்த்துப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவரைத் தண்டிக்கிற வேலை இது.

மதர்போர்டு நிஜமாகவே போயிருந்தால் அதே மாதிரி பழைய போர்டைத் தேடி வாங்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ் மாற்றிப் பிழைத்தாலும்கூட, கணக்கு வேலைக்கு அந்த மெஷினை நம்ப வேண்டாம். காரணம், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் வயது மெஷினை ஏற்றுக்கொள்ளாது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் இன்டெல்லுடையது என்றால், எட்டாம் ஜெனரேஷன் (தலைமுறை) முதல்தான் சேர்த்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே கோட்டில் கழித்துக்கட்டியதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அடுத்தவர் கணக்கும் வங்கி லாகினும் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸை வைத்துக்கொள்ளச் சொல்லவும் என்னால் முடியாது. பிழைத்த மெஷினில் வேறொரு டிஸ்கை மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டு மகளிடம் கொடுங்கள். லினக்ஸ் மின்ட் இலவசம்தான். பாடம் படிக்க, கட்டுரை எழுத, வீடியோ பார்க்க அது தாராளம்.

இனி அந்த ‘ஐ7’. ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் பிராசஸர் வரிசைகளின் பெயர்கள். என்னிடம் வரும் கேள்விகளில் ஏமாற்றத்துக்கு ஆளானவர்கள் அதிகம் சிக்குவது இந்த ஒரு எழுத்திலும் எண்ணிலும்தான். ஐ7 என்ற பெயர் 2008-லிருந்து இருக்கிறது. 2008-ல் வந்ததும் ஐ7, பத்து வருடம் கழித்து வந்ததும் ஐ7. வயது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் ஜெனரேஷன். ஐ7-2600 என்றால் 2, அதாவது இரண்டாம் ஜெனரேஷன், 2011-ல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டு. ஐ5-10400 என்றால் பத்து. ஐ7-870 மாதிரி மூன்றே இலக்கம் இருந்தால் முதல் ஜெனரேஷன், தொடவே தொடாதீர்கள். 2017-ல் வந்த ஐ3-8100 என்ற அடிமட்டப் பிராசஸர், 2011-ன் ஐ7-2600-ஐ முந்துகிறது. கரண்டும் குறைவாகவே இழுக்கிறது. ஆனால் பேரம் பேசும்போது ‘ஐ3 வேணுமா, ஐ7 வேணுமா?’ என்று கேட்டால் யார் ஐ3-ஐச் சொல்வார்கள்? மாத்திரை அட்டையில் தயாரித்த தேதி இல்லாமல் விற்க முடியாது. கம்ப்யூட்டர் பெட்டியில் மட்டும் எந்த வருடத்துச் சரக்கு என்பதை வாங்குபவர் எண் கணிதம் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

‘புது சிஸ்டம்’ என்பதிலும் ஒரு சூது உண்டு. ஹெச்61, ஹெச்81 என்ற பெயரில் மதர்போர்டுகள் இன்றும் புதிதாகவே செய்யப்பட்டு, சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியில் வருகின்றன. ஹெச்61 என்பது 2011-ல் வந்த வடிவம். இரண்டாம், மூன்றாம் ஜெனரேஷனுக்கானது. ஹெச்81 நான்காம் ஜெனரேஷனுக்கானது. அந்தப் புதுப் போர்டில் எங்கோ கழற்றிய பழைய ஐ7-ஐச் செருகி, விளக்கு மின்னும் கேபினட்டில் போட்டுக் கொடுப்பார்கள். போர்டு புதுசு, கேபினட் புதுசு, பில்லில் ‘நியூ’. மூளை மட்டும் உங்கள் செத்துப்போன மெஷினைவிடக் கிழடு. குறைந்த விலைக்கு ஐ7 என்று உங்களிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ‘விண்டோஸ் 11 போட்டே தர்றோம்’ என்பதும் சான்றாகாது. தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றும் குறுக்குவழிகள் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. வருடாந்தரப் பெரிய அப்டேட் வரும் நாளில் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் டெஸ்க்டாப்கள் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் கிடைக்கின்றன. ஆப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர், எலைட்டெஸ்க், புரோடெஸ்க் போன்றவை. எட்டாம் ஜெனரேஷன் அல்லது அதற்கு மேல், ஐ3 போதும், ஐ5 கிடைத்தால் மகிழ்ச்சி. ரேம் 8 ஜிபி. சேமிப்பு ஹார்ட் டிஸ்காக இல்லாமல் எஸ்.எஸ்.டி.யாக (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு) இருக்க வேண்டும். 256 ஜிபி உங்களுக்குப் போதும். இந்த எஸ்.எஸ்.டி. விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள். பணம் இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், எஸ்.எஸ்.டி.யை விடாதீர்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. ‘ஃபுல் செட்’ என்று சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். பெட்டிக்கு மட்டும் விலை கேளுங்கள். பழைய ரேமைப் புதியதில் போட முடியாது, அதுவேறு தலைமுறை. மானிட்டரில் நீல நிற விஜிஏ பிளக் மட்டும் இருந்தால், டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கேளுங்கள். எதிர்த்திசையில் மாற்றுவதை வாங்கிவிட்டால் வேலை செய்யாது. அலுவலக மெஷின்களில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்று தேவைப்படும்.

பணம் கொடுக்கும் முன் மெஷினைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசஸரின் முழுப் பெயரும் எண்ணோடு தெரியும், ரேம் அளவும் தெரியும். பிறகு ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால், பழைய அலுவலகம் போட்ட பூட்டு இன்னும் கழலவில்லை என்று அர்த்தம், வாங்காதீர்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி லாகின் கேட்கும் மெஷினும் அப்படித்தான்.

கிராக் விண்டோஸ் வேண்டவே வேண்டாம். ஆக்டிவேஷனை உடைக்கும் சின்ன புரோகிராம், பெரும்பாலும் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத்தான் ஓடுகிறது. அதற்குள் வேறு என்ன ஏறுகிறது என்று போட்டுக் கொடுப்பவருக்கே தெரியாது. அலுவலகத்திலிருந்து வரும் பெட்டிகளில் அசல் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். சுத்தமாக விண்டோஸ் ஏற்றி நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். அதை மெனக்கெட்டுச் செய்யாமல் கிராக் போடுவது சோம்பேறித்தனம்தான்.

ஆக, சர்வீஸ்காரரிடம் மூன்று விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: பிராசஸரின் முழு எண், மதர்போர்டின் மாடல், எத்தனை மாத வாரண்டி. சண்டை போட வேண்டாம், சும்மா கேளுங்கள். ‘ஐ7தான் மேடம், நம்பர் எல்லாம் எதுக்கு’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

கணக்கு மென்பொருளின் லைசென்ஸ் பழைய மெஷினோடு கட்டப்பட்டிருக்கலாம். புதியதில் ஏற்றும் முன் அதை விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு, ஆறு வருடங்களில் ஒவ்வொரு வருடத்தையும் தனித்தனியாகத் திறந்து, கடைசி நாளின் இருப்பு பழைய பிரிண்ட்-அவுட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்கைப் புதுப் பெட்டிக்குள் மாட்டித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 11 வருடம் சுழன்ற டிஸ்க் அது. துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். பழைய பெட்டியை யாருக்குக் கொடுத்தாலும் டிஸ்க் இல்லாமல் கொடுங்கள்.